மோட்டார் கடை அக்கா

நான்கு வருடம் ஒரு மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போன் எடுத்துப் பேசுகிற வேலை பார்த்தேன். கடை புதுக்கோட்டையில். நான் பேசியது அரிமளத்தில், என் வீட்டு அடுப்படியிலிருந்து.

அந்த வேலை தேடிப் போய்க் கிடைத்ததல்ல. எங்கள் வீட்டு ஆழ்துளைப் போரில் மோட்டார் நின்றுபோய், புதுக்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாகக் கடை வைத்திருந்தார். இரண்டு ஆட்களோடு வந்து, போர் மேல் மூன்று கால் நட்டு, செயின் போட்டு, பைப்பை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கையை எடுக்க முடியாது. பிடி நழுவினால் மோட்டாரும் ஒயரும் பைப்பும் சேர்ந்து ஐந்நூறு அடிக்குள் போய்விடும். துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்திருந்த அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தப் போனை எடுத்து யாரு என்னன்னு கேட்டு வைங்களேன்" என்றார்.

எடுத்தேன். எதிர்முனையில் ஒருவர் மோட்டார் ஓடவில்லை என்று கத்தினார். "ஸ்டார்ட்டர் இழுக்குதுங்களா? உள்ள சத்தம் கேக்குதா? எத்தன அடி போரு?" என்று கேட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் மெக்கானிக் என்னிடம் கேட்ட கேள்விகள்தான். அவர் பைப்பைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பேரிடம் பேசிவிட்டேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "எனக்குத் தெனமும் இதே பாடுதாங்க்கா. போரு மேல நிக்கிறப்ப போன் எடுக்க முடியாது. சாயந்தரம் திருப்பிக் கூப்ட்டா வேற ஆளு வந்து முடிச்சிட்டுப் போயிருப்பாங்க. நீங்க வீட்ல இருந்தபடியே எடுத்துப் பேசுறீங்களா? கடை நம்பரை ஒங்ககிட்டயே குடுத்துடுறேன்."

மகளைத் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்துப் பழகிய கைக்கு ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்று அளவு பிடிபடாமல் இருந்த நேரம். வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய் அப்போதே ஏழு வருடம். சரி என்றேன்.

அப்புறம் என் நாள் அந்தப் போனைச் சுற்றியே ஓடியது. விடியற்காலையில் தோட்டங்களுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் விட்டதும் முதல் அழைப்பு வரும். ஸ்டார்ட்டர் டக் டக்கென்று அடிக்கிறது என்பார்கள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை என்பார்கள். கொஞ்ச நாளில் எனக்கே பிடிபட ஆரம்பித்தது. சிலரிடம், "மெக்கானிக் வேணாங்க, ஃபியூஸ் போயிருக்கான்னு முதல்ல பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "ஆமாக்கா, ஓடிருச்சு" என்பார்கள். எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

தண்ணீர்ப் பேச்சோடு மற்றதும் வரும். கடலை காய்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவர் மருமகள் கோபித்துக்கொண்டு போனதில் முடிப்பார். நான் உம் கொட்டிக்கொண்டே வெங்காயம் உரிப்பேன். ஒரு முறை பஸ்ஸில் கண்டக்டரிடம், "புதுக்கோட்டை ஒண்ணு குடுங்க" என்று கேட்டதும் முன் சீட்டு அம்மா சட்டென்று திரும்பி, "நீங்க மோட்டார் கடை அக்காவா?" என்றார். இறங்கும் வரை என் கையைப் பிடித்தபடியே வந்தார். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருடம் ஆகியும் என்னை யாரும் அப்படி அடையாளம் கண்டதில்லை.

நான்காம் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் தலையைத் தூக்க முடியவில்லை. போன் தலைமாட்டில் அடித்தது தெரியும், கை எழவில்லை. நாலாம் நாள் பார்த்தபோது எடுக்காத அழைப்புகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. கறவை மாடுகள் வைத்திருந்த ஒருவர் இரண்டு நாள் குடத்தில் தண்ணீர் சுமந்துவிட்டு வேறு கடைக்குப் போயிருந்தார். மெக்கானிக் தம்பி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கஞ்சிக்கு அரிசி நொய் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். ஆனால் அடுத்த மாதம் வந்தபோது தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற அவருடைய மச்சினர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாராம். போனைத் தானாகவே எடுத்துத் தமிழில் பேசுகிற மிஷின். ராத்திரி பகல் கிடையாது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிட்டாலும் பத்துப் பேரிடமும் பேசும்.

"ரெண்டு வாரம் அதுகிட்ட விட்டுப் பாப்போம்க்கா. அப்புறம் எது தோதுப்படுதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவோம். நீங்க என்னென்ன கேப்பீங்களோ அதை மட்டும் எழுதிக் குடுங்க. அது அப்படியே கேக்கும்."

மகளுடைய பழைய நோட்டு ஒன்றில் எழுதினேன். ஊர், போரின் ஆழம், மோட்டார் எத்தனை ஹெச்.பி., சத்தம் வருகிறதா, கடைசியாக எப்போது வெளியே எடுத்தது. ஒரு நாள் முழுக்க ஆகும் என்று நினைத்து உட்கார்ந்தவளுக்கு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இன்னும் ஏதாவது இருக்க வேண்டுமே என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். வேறு ஒன்றும் வரவில்லை.

மிஷின் வேலையை ஏற்ற அன்று காலை நாலரைக்கு வழக்கம்போல விழித்துவிட்டேன். போன் பக்கத்தில் இருந்தது. அழைப்பெல்லாம் நேராக மிஷினுக்குப் போய்விடும். என்னிடம் வருவது அது எழுதி அனுப்புகிற குறிப்பும் பேச்சின் பதிவும் மட்டும். தப்பு இருந்தால் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐந்து மணிக்கு முதல் குறிப்பு சத்தமில்லாமல் வந்து விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. படித்தேன். ஆறு மணிக்குக் காபி போட்டேன். பத்து மணிக்குக் காய்கறிக்காரர் வாசலில் நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை "கத்திரிக்காய்."

தப்பு அதிகம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊர்ப் பெயர்களில் கொஞ்சம் தடுமாறியது. ஒரு பெரியவர், "மோட்டாரு செத்துப்போச்சும்மா" என்று சொல்ல, மிஷின் குரலைத் தாழ்த்தி, "கேட்க மிகவும் வருத்தமாக இருக்கிறது. குடும்பத்தாருக்கு என் ஆறுதல்கள்" என்றது. பெரியவர், "சரிம்மா, ஆளு எப்ப வரும்?" என்றார். அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரச் சத்தம். "என்ன, எதும் அவசரமா? ட்யூட்டில இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். மகளுக்கு வகுப்பு. அவள் ராத்திரி கூப்பிட்டபோது சொன்னேன். "சூப்பர்ம்மா" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக் கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

முதல் வாரக் கடைசியில் ஒரு பதிவு வந்தது. குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர் என்று குறிப்பில் இருந்தது. பேச்சு மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு நீளம். என்னவென்று கேட்கலாம் என்று ஓடவிட்டேன். முதலில், பேசுவது மிஷின் என்று அது எல்லோரிடமும் சொல்கிற வரி. அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும். வெகு நேரம் அதே. மிஷின், "பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றது. மறுபடியும் மூச்சு. அப்புறம் ஒரு ஆண் குரல், "மோ… மோ… மோ…" என்று முட்டி நின்றது. "பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்றது மிஷின். அந்த மனிதர் மோட்டார் என்கிற ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அத்தனை நேரம் எடுத்தார். ஊரைச் சொல்ல இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அந்த மூச்சை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் அது அடிக்கடி வந்திருக்கிறது. நான் "ஹலோ, ஹலோ" என்பேன். மூச்சு மட்டும் கேட்கும். தனியாக இருக்கிற பொம்பளையிடம் எவனோ வம்பு பண்ணுகிறான் என்று பயந்துபோய், ஒரு நாள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அந்த நம்பரை வராதபடி தடுத்து வைத்தேன். தடுத்து வைத்த அந்த நம்பரை எடுத்துப் பார்த்தேன். அதே நம்பர். என் கைபேசியில் போட்ட தடை மிஷினைக் கட்டுப்படுத்தவில்லை. வழி திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் பேசிவிட்டார்.

என்மேல் தப்பு என்று முழுக்கச் சொல்ல மாட்டேன். அந்த பயம் பொய்யல்ல. ஆனாலும் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் இல்லாமல் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நான் திட்டியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தடையை எடுத்துவிட்டு, கடைப் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். எடுத்தார். பேச்சில்லை.

"மோட்டார் கடையில இருந்து பேசுறேங்க. அவசரமில்ல. மெதுவாச் சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றேன்.

காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தேன். கடைசியில், "த… தண்ணி… வ… வருது" என்றார்.

"ரொம்ப சந்தோஷங்க."

மறுபடியும் மூச்சு. அவர் ஏதோ கேட்க முயன்றார். "நீ… நீங்க… மி… மிஷினா?"

"இல்லைங்க. மனுஷிதான். முன்னாடி ஒங்ககிட்ட…"

இணைப்பு போய்விட்டது. சிக்னல் இல்லையோ என்று மறுபடியும் கூப்பிட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. தன் திக்கலைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதுதான் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு ஆள் இருப்பது தெரிந்ததும் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மிஷினிடம் என்னத்தைக் கண்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், என் சொந்தப் போனிலிருந்து கடை நம்பரைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தது. "வணக்கம். பேசுவது மிஷின். எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்?"

"அரிமளம்."

"மோட்டாரில் என்ன பிரச்சினை?"

என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஓடுது. தண்ணி வரல."

நான் எழுதிக்கொடுத்த கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. போரின் ஆழத்தைச் சொன்னேன். மோட்டாரைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தது என்று கேட்டபோது, "நாலு வருசம் ஆச்சு" என்றேன். அதுவும் உண்மைதான். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றது. அது நான் எழுதாத கேள்வி.

பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேச ஆள் இல்லை என்றேன். போன வருடம் வருவதாக இருந்த வீட்டுக்காரர் இந்த வருடமும் லீவைத் தள்ளிப் போட்டதைச் சொன்னேன். காலை நாலரைக்கு இன்னமும் விழித்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அது நடுவில் குறுக்கிடவில்லை. நான் நிறுத்தினால் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றது. அந்த மனிதருக்கு ஏன் பிடித்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு நடுவில் யாராவது ஒரு 'உம்' கொட்ட வேண்டியிருந்தது, 'அப்புறம்?' என்று கேட்க வேண்டியிருந்தது. பேசப் பேச வீடு இன்னும் அமைதியாகிக்கொண்டே போவது போலிருந்தது.

"நன்றி. நாளை காலை பதினோரு மணிக்குள் மெக்கானிக் வருவார்" என்று சொல்லி முடித்தது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிடமே கடைப் போனில் குறிப்பு வந்து விழுந்தது: 'அரிமளம். பெண். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. கடைசியாக எடுத்தது நான்கு வருடம் முன்பு. மற்றவை: வீட்டில் பேச ஆள் இல்லை என்கிறார்.'

அதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை. இதே குறிப்பு மெக்கானிக் தம்பிக்கும் போயிருக்கும். என் நம்பரோடு.

மறுநாள் பத்தே காலுக்கு பைக் வந்து நின்றது. ஆட்களோ செயினோ இல்லை. தனியாக வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே நிறைந்த தொட்டி. கொஞ்ச நேரத்தில் சுவரோரமாக வழிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தண்ணி நல்லாத்தானே வருதுக்கா."

"ஆமா தம்பி."

அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தேன். பாதி குடித்த பிறகு, "மிஷினை நிறுத்திப்புடவாக்கா?" என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"எனக்காக நிறுத்தாதீங்க. கடைக்கு எது நல்லதோ அதைச் செய்யிங்க."

"கடைக்குன்னு பாத்தா… ஒரு போனும் விட்டுப்போகல. அது நெசந்தான்."

அப்போது அந்தக் குன்றாண்டார்கோவில் பக்கத்து மனிதரைப் பற்றிச் சொன்னேன். நான் திட்டியது, தடுத்து வைத்தது, போன வாரம் கூப்பிட்டது, அவர் வைத்தது எல்லாவற்றையும். மெக்கானிக் தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நான்தாங்க்கா போயி மோட்டாரை எடுத்தேன். ஒரு நாள் பூரா கூடவே நின்னாரு. ஒயரைப் புடிச்சுக் குடுத்தாரு, எளநி வெட்டிக் குடுத்தாரு. ஒரு வார்த்த பேசல. அவருக்குப் பேச வராதுன்னு நெனச்சுக்கிட்டேன். சைகையிலயே பேசிட்டு வந்துட்டேன்."

வழிந்த தண்ணீர் கருவேப்பிலைச் செடியின் அடியில் தேங்கி நின்றது.

"மிஷினே எடுக்கட்டும் தம்பி" என்றேன். "நான் காய்ச்சல்ல படுத்தா அது படுக்காது. எனக்குப் பயம் வர்ற எடத்துல அதுக்கு வராது."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். பைக்கில் ஏறியவர் சாவியைப் போடாமல், "அப்ப நீங்க கடைக்கு வந்துருங்கக்கா. அது எழுதுறதப் பாத்து யாரு எங்கிட்டுப் போகணும்னு பிரிச்சு விடணும். எனக்கு அதுக்கு நேரமில்ல. இங்க தனியா உக்காந்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குக் கோபமாக இருந்தது. அவர் மேலா, மிஷின் மேலா, குறிப்பில் இருந்த அந்தக் கடைசி வரியை வெளியே விட்ட என் வாயின் மேலா என்று தெரியவில்லை. இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் சேலையை மாற்றிக்கொண்டு எட்டேகால் பஸ்ஸில் ஏறினேன்.

கடை என்பது ஒரு ஷட்டரும் உள்ளே மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றுகிற மேஜையும்தான். மூலையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் நாற்றத்தில் முதல் வாரம் தலைவலி. குறிப்புகளைப் பார்த்து, அரிமளம் பக்கம் மூன்று, கீரனூர் பக்கம் இரண்டு என்று பிரித்து ஆட்களை அனுப்புவேன். ஊர்ப் பெயர் தப்பாக வந்திருந்தால் திருத்துவேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். நானே கேள்வி கேட்டால் சிலர் சொல்வார்கள். சிலர், "அவரு வரட்டும்மா" என்று வெளியே போய் நிற்பார்கள். போனில் நான் சொன்னதைக் கேட்டு ஃபியூஸ் மாற்றியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். நான் யார் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

காயில் சுற்றுகிறவர் அதிகம் பேசாதவர். மத்தியானம் மட்டும் மூவரும் சேர்ந்து சாப்பிடுவோம். என் குழம்பை மெக்கானிக் தம்பி கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். அந்த அரை மணி நேரத்துக்காகவே காலையில் சமைக்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை. சாயந்தரம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் தூங்கிவிடுவேன். காலை நாலரை விழிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆறு மணிக்குத் தள்ளிப் போனது.

நான் கடைக்கு வந்த புதிதில் மிஷின் எழுதி அனுப்பும் குறிப்புகளின் கீழே அடிக்கடி ஒரு வரி இருக்கும்: 'முன்பு பேசிய பெண்ணைக் கேட்கிறார்.' ஒரு நாளில் நாலைந்துகூட வரும். அந்த வரியை நான் திருத்தியதில்லை, மெக்கானிக் தம்பியிடம் காட்டியதும் இல்லை. அப்படிக் கேட்டவர்களில் ஓரிருவரைத் திருப்பிக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். ஒரு அம்மா, "ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்று விசாரித்தார். இல்லை, நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அப்புறம் வாரத்துக்கு ஒன்று வந்தது. பங்குனி வெயிலில் அழைப்புகள் குவிந்த நாட்களில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றிரண்டு தென்பட்டன. இப்போது யாரும் கேட்பதில்லை.